வாரிஜக்கா அளந்த ராத்திரி

மங்களூரில் கத்ரி மேட்டின் மேல் இருந்த அந்தச் சுற்றுச்சூழல் ஆலோசனை அலுவலகத்தில் மாதாமாதம் ஒரு செய்தி மடல் வரும். யாருக்குப் பிறந்த நாள், யார் புதிதாகச் சேர்ந்தார்கள், கடற்கரையில் குப்பை பொறுக்கப் போனபோது யாருடைய தொப்பி பறந்துபோனது என்கிற அளவுக்குத்தான் அதில் சங்கதி இருக்கும். ஊழியர்களைத் தவிர அதை யாரும் படிப்பதில்லை. ஊழியர்களும் தங்கள் படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அந்த வருஷம் ஏப்ரல் மடலின் முதல் பக்கத்தில் வாரிஜா கர்கேராவின் படம் பெரிதாக வந்தது. "இனி இவர் நம் ஒலி நிபுணர்" என்று மேலே கொட்டை எழுத்து. படத்தில் அவள் சத்தம் அளக்கும் மீட்டரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றாள்.

அலுவலகம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கட்டடத்திலேயே பெரிய தொண்டை வாரிஜாவுடையது. சூரத்கல்லில் இருக்கிற ஆளோடு பேச வாரிஜக்காவுக்கு போன் எதற்கு, ஜன்னலைத் திறந்தால் போதுமே என்பான் களப்பணியாளன் லான்ஸி பிண்டோ. அவள் பெங்ரெக்காரி. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல்திட்டு அது. அங்கே மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர்கள் யாரும் மெல்லப் பேசமாட்டார்கள். பேசினால் அலை விழுங்கிவிடும். தினமும் படகேறி ஆற்றைத் தாண்டிக் கல்லூரிக்குப் போய், பிறகு கொணாஜெ பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்து, அதே படகில் வேலைக்கும் வரத் தொடங்கியவள். தலையில் நரை விழுந்த பிறகும் அதே படகுதான். அவள் ஏறினால் படகோட்டி என்ஜினை அணைத்துவிட்டாலும் படகு தானே போகும், அவ்வளவு பேச்சு என்று ஊரில் கேலி செய்வார்கள்.

ஆனால் மீட்டரை முக்காலியில் நிறுத்திப் பொத்தானை அழுத்திவிட்டால் அவள் வேறு ஆள். அந்த வேலையில் அளப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. இருமினாலும் இன்ன நேரத்தில் இருமினேன் என்று குறித்துவைக்க வேண்டும். வாரிஜா தன் குழுவுக்கு ஒரு கை பாஷையே உண்டாக்கி வைத்திருந்தாள். மூக்கைத் தொட்டால் சா, அதாவது டீ, வேண்டும். காதைப் பிடித்தால் வண்டி வருகிறது, எழுதிக்கொள். இரண்டு கையையும் தலையில் வைத்தால், போச்சு, எல்லாம் கெட்டது, முதலிலிருந்து ஆரம்பி. விடிய விடிய அவள் ஒரு பாறை மேல் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை நேரில் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். ஊரின் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, இது ஆந்தை, இது பம்புசெட், இது அடுத்த வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சுவது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். இப்படிப்பட்ட காதும் அப்படிப்பட்ட தொண்டையும் ஒரே ஆளிடம் எப்படி வந்து சேர்ந்தன என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தப் பதவி உயர்வை அலுவலகம் வேடிக்கையாக எடுத்துக்கொண்டாலும் அவளுக்கு அது வேடிக்கையில்லை. இந்தத் தொழிலில் ஒரு குவாரியோ தொழிற்சாலையோ வருமுன் அந்த ஊரின் காற்று, தண்ணீர், சத்தம், செடிகொடி எல்லாம் இப்போது எப்படி இருக்கின்றன என்று அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அங்கீகாரம் பெற்ற நிபுணர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருஷமும் சத்தம் பற்றிய அத்தியாயத்தை வாரிஜா எழுதுவாள், பெங்களூரில் இருந்த ஒரு பெரியவர் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். அவள் இரண்டு தடவை அந்த அங்கீகாரத்துக்கான நேர்காணலுக்குப் போய்த் தோற்றாள். மூன்றாம் தடவை டில்லிக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்தாள். இனிமேல் அவள் அளந்ததன் கீழே அவள் பெயரே வரும். அந்த ஆசையை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

முதல் கையெழுத்துக்கு என்று வந்த அறிக்கை கல்லபதவு ஊருடையது. கருங்கல் குவாரியும் ஜல்லி உடைக்கும் க்ரஷரும் வரப்போகிற மேட்டுநிலம். அவள் டில்லியில் இருந்தபோது லான்ஸியின் குழு போய் அளந்து வந்திருந்தது. ராத்திரிச் சத்தம் அறுபத்தொரு டெசிபல் என்று போட்டிருந்தது. குடியிருப்புப் பகுதியில் ராத்திரிக்கு நாற்பத்தைந்துதான் வரம்பு. ஏற்கெனவே இவ்வளவு சத்தம் இருக்கிற ஊரில் க்ரஷர் ஓடினால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று அறிக்கையும் தானாகவே முடிவுக்கு வந்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

வாரிஜா பேனாவைத் திறந்துவிட்டு மூடினாள். மீட்டர் வரைந்த கோட்டை ஒரு பார்வை பார்த்தாள். சாயங்காலம் தரையோடு கிடந்த கோடு இருட்டியதும் எழுந்து நின்றது. ஏறியது, இறங்கியது. நடு ராத்திரி தாண்டி ஒரு இடத்தில் விட்டு விட்டுக் குலுங்கியது. அதற்குப் பின் கூரையை முட்டுகிற மாதிரி ஒரே கூம்பு. விடியும் வரை தணியாமல் நின்று, வெளிச்சம் வந்ததும் பொசுக்கென்று விழுந்தது. வெளியூர்க்காரர் யாராவது பார்த்திருந்தால் பக்கத்தில் நெடுஞ்சாலை போகிறது என்று சொல்லியிருப்பார். வாரிஜாவின் விரல்கள் தன்னால் மேசையில் தாளம் போட்டன. குலுங்குகிற இடம் கோமாளி வந்து ஜனங்களைச் சிரிக்கவைக்கிற இடம். கூம்பு, அசுரன் தீப்பந்தமும் வெடிச் சத்தமுமாகக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மேடைக்கு வருகிற இடம். தூங்கிவிழுந்த பிள்ளைகள் எல்லாம் அலறி எழுகிற நேரம். விடியற்காலை மங்களம் பாடியாயிற்று. விடிய விடிய ஆடும் யக்ஷகானத்தைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இது தெரியும்.

லான்ஸியைக் கூப்பிட்டாள். பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேனும் திரும்பிப் பார்த்தார்.

"லான்ஸி, இங்க வா மாராயா. இது என்ன?"

"சத்தம்க்கா."

"அது எனக்கும் தெரியுது. எந்த ஊர்க் குழுவோட ஆட்டம்?"

லான்ஸியின் முகம் தொங்கிப்போனது. மெல்ல மெல்ல விஷயம் வந்தது. கல்லபதவில் மீட்டருக்குக் கரண்ட் வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்று கோயில் தர்மகர்த்தா வீட்டு மொட்டைமாடியைப் பிடித்தார்களாம். கீழேயே கோயில் மைதானம். அன்றைக்கு அங்கே யாரோ வேண்டிக்கொண்ட ஆட்டம். தெரிந்துமா அங்கே வைத்தாய் என்று வாரிஜா கேட்டாள்.

"கோயில்ல அன்னிக்கு ஊர்ச் சாப்பாடுக்கா," என்றான் அவன். "பாயசமே ரெண்டு வகை."

வாரிஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வெயிலில் அலைகிற பையன்கள், ரெண்டு வகைப் பாயசத்துக்கு மயங்காமல் இருக்க அவர்கள் என்ன சன்னியாசிகளா? ஆனால் அந்தப் பாயசத்தால் ஒரு ஊருக்கே தூக்கம் போகப்போகிறது, அதன் கீழே தன் பெயர் இருக்கப்போகிறது என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

தினகர் ஹெக்டேயின் அறைக்குப் போனாள். அவர்தான் அலுவலகத்தின் சொந்தக்காரர். கெட்டவர் இல்லை, ஆனால் இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதருக்கு எப்போதும் ஒரு காது வாடிக்கையாளர் பக்கம் இருக்கும். மீட்டர் கேட்டதைத்தானே எழுதியிருக்கிறோம், இதில் தப்பு என்ன என்றார். வாரிஜா அறைக் கதவைச் சாத்தினாள். அதனால் பிரயோஜனம் இல்லை, வெளியே எல்லோருக்கும் கேட்டது.

"மீட்டர் கேட்டது சார், ஊர் தினமுமா அப்படி இருக்கு? கருத்துக்கேட்புக் கூட்டத்துல இந்தப் படத்தைச் சுவத்துல போடுவீங்க. அங்க உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தனும் ஆட்டம் பாத்து வளந்தவன். இதோ அசுரன் வர்றான் பாருன்னு எவனாவது எழுந்து சொன்னா நம்ம கதி என்ன?"

ஹெக்டே அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிலவரத்தைச் சொன்னார். மழைக்கு முந்தி அறிக்கை போயாக வேண்டும். மழை விழுந்துவிட்டால் தவளைச் சத்தத்தைத்தான் அளக்கலாம், கோடைக்கால அளவு என்று அதை யாரும் ஏற்கமாட்டார்கள். குவாரிக்காரர்கள் ஹூப்ளியில் வேறு ஆலோசகரைப் பேசிவைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு ஒப்பந்தம்.

"மழைக்கு முந்தி ஒரு நல்ல ராத்திரி கிடைச்சா உன் அளவு. கிடைக்கலேன்னா இதுலயே நீ கையெழுத்துப் போடணும். மாட்டேன்னா பெங்களூர்ப் பெரியவர் போடுவார். அப்புறம் உன் பேரு எதுக்கு நிபுணர் பட்டியல்லன்னு கேப்பாங்க வாரிஜா. நான் என்னன்னு சொல்ல?"

சரி என்று சொல்லிவிட்டு வந்தாளே தவிர, அன்று படகில் அவள் யாரோடும் பேசவில்லை. பயந்துபோயிருந்தாள். இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த பெயர், ஒரு மழையில் கரைந்துவிடலாம்.

உடனே ஓடிப்போய் அளக்கவும் முடியாது. மே மாதம் துளு நாட்டில் ராத்திரி என்று ஒன்று கிடையாது. இந்தக் கோயிலில் ஆட்டம், அந்த வீட்டில் குலதெய்வ பூதத்துக்கு ராத்திரி முழுக்கக் கோலா, நடுவில் கல்யாணங்கள். மாதக் கடைசியில் பத்தனாஜெ என்கிற நாள் வந்தால்தான் ஆட்டக்காரர்கள் சலங்கையை அவிழ்ப்பார்கள், பூதங்களும் அடுத்த பருவம் வரை இளைப்பாறப் போகும். அந்த நாளுக்கும் மழைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி உண்டு. சில வருஷம் ஒரு வாரம் இருக்கும், சில வருஷம் அதுவும் இருக்காது. வாரிஜா தினமும் காலையில் எழுந்ததும் கடலைப் பார்த்தாள். வீட்டில் மீன் வாங்குவதைப் பற்றிக் கேட்டாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள் என்று அவள் புருஷன் புலம்பினார்.

பத்தனாஜெ முடிந்த மறுநாளே லான்ஸியோடு கல்லபதவுக்குப் போய்விட்டாள். இந்த முறை கோயிலும் வேண்டாம், தர்மகர்த்தாவும் வேண்டாம் என்று, க்ரஷர் வரப்போகிற சரிவுக்கு நேர் எதிரே இருந்த ஐத்தப்ப பூஜாரியின் வீட்டு முற்றத்தைக் கேட்டாள். பாக்குத் தோட்டக்காரர், நாக்கு கொஞ்சம் நீளம். மனைவி கமலா பீடி சுற்றுகிறவர்.

"ஏற்கெனவே ஒருத்தர் வந்து மெஷின வச்சிட்டுப் பாயசம் குடிச்சிட்டுப் போனாரே," என்று ஐத்தப்பண்ணா லான்ஸியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். லான்ஸி மீட்டரின் திருகாணியை மும்முரமாகத் திருகினான். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் ஐத்தப்பண்ணாவின் குரல் மாறிவிட்டது. தங்கள் ஊர் சத்தம் போடுகிற ஊர் என்று தாளில் எழுதியிருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. தன் வீட்டிலேயே படுக்கச் சொன்னார், கமலக்கா கஞ்சியும் உப்பு மாங்காயும் வைத்தார்.

முதல் ராத்திரி காற்று கிளம்பிவிட்டது. தென்னை மட்டைகள் அடித்துக்கொண்டதில் கோடு துள்ளியது. வாரிஜா இரண்டு கையையும் தலையில் வைத்தாள். அடுத்த ராத்திரி காற்று இல்லை, ஆனால் கீழே மொந்தேரோ வீட்டில் பெண்ணுக்கு ரோஸ் சடங்கு. மறுநாள் கல்யாணம் என்றால் முந்தின நாள் தேங்காய்ப் பால் பூசி, பாண்டு வாத்தியம் வைத்து ஆடாமல் இருப்பார்களா? லான்ஸியைத் தூது அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு தட்டு நிறையச் சன்னா என்கிற இட்லியும் பன்றிக்கறியுமாகத் திரும்பி வந்து, நம்மைத்தான் ஆட வரச் சொல்கிறார்கள் என்றான். அந்த ராத்திரியும் போனது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஹெக்டே போன் செய்து, கேரளத்தில் மழை ஆரம்பித்துவிட்டதாமே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கடுத்த ராத்திரி அப்படி ஒரு அமைதி. வாரிஜா பாறை மேல் உட்கார்ந்து கேட்டாள். இலை அசையவில்லை. முதலில் உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. போகப் போக ஏதோ உறுத்தியது. ஐத்தப்பண்ணாவின் வீட்டில் இரண்டு நாய்கள் உண்டே? கமலக்கா பீடி சுற்றும்போது ரேடியோ பாடுமே? கீழ்வீட்டுக் கைக்குழந்தை தினம் அழுமே? ஒரு கதவுகூடக் கிரீச்சிடவில்லை. ஒரு ஆள்கூட இருமவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால், நாய்கள் இரண்டும் பாக்கு உலர்த்தும் கொட்டகைக்குள் எலும்பும் கையுமாக அடைந்து கிடந்தன. ஐத்தப்பண்ணா முந்தின சாயங்காலம் வீடு வீடாகப் போய், அக்காவுக்கு ஒரு நல்ல ராத்திரி கொடுப்போம், எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு படுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கைக்குழந்தையைத் தாயோடு பாட்டி வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. காடு மாதிரியான அளவு. அந்த எண்ணை வைத்தால் க்ரஷர் அந்த மேட்டின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. லான்ஸி, வேலை முடிந்தது அக்கா, மூட்டை கட்டலாம் என்றான். ஐத்தப்பண்ணா பாராட்டுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி திண்ணைத் தூணில் சாய்ந்து நின்றார்.

வாரிஜா அந்த அளவைக் குறுக்கே கோடு இழுத்து அடித்தாள்.

"இது உங்க ஊர் ராத்திரி இல்ல ஐத்தப்பண்ணா. எனக்காக நீங்க போட்ட நாடகம்."

"உங்களுக்குத்தானே நல்லது செஞ்சோம். நீங்க யார் பக்கம் அக்கா?"

"பொய்யா ஏத்தி எழுதினதைக் கிழிச்சிட்டு, பொய்யா எறக்கி எழுதவா இத்தனை தூரம் வந்தேன்? இன்னிக்கு நாயை அவுத்து விடுங்க. ரேடியோ போடுங்க. சண்டை வந்தா சண்டை போடுங்க. தினம் எப்படியோ அப்படி இருங்க."

"அதுக்குள்ள மழை வந்துட்டா?"

வந்தால் வரட்டும் என்று அவள் கத்தினாள். மேட்டின் மறுபக்கம் வரை கேட்டிருக்கும். கத்திவிட்டு மேற்கே மேகத்தைப் பார்த்தாள். மழை வந்தால் அறுபத்தொன்றில்தான் கையெழுத்து. முப்பத்தொன்று கையில் இருக்கிறது, கேட்பார் யாரும் இல்லை, லான்ஸி வாயைத் திறக்கமாட்டான். ஒரு மனுஷி வேறு என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். நானாக இருந்தால் முப்பத்தொன்றை எழுதிக்கொண்டு, ஊரைக் காப்பாற்றினேன் என்று மார்தட்டிக்கொண்டு படகேறியிருப்பேன். அவள் ஏறவில்லை.

அன்றைக்குப் பகல் முழுக்க அந்த ஊரில் அவளுக்கு யாரும் சா கொடுக்கவில்லை. ஐத்தப்பண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். முற்றத்திலிருந்து மீட்டரை எடுக்கச் சொல்லாததே பெரிது. லான்ஸி சாலைக்குப் போய் பன் வாங்கி வந்தான். இருட்டியதும் கமலக்கா வேண்டுமென்றே ரேடியோவைச் சத்தமாக வைத்தார். ஆனால் கோபத்தை எத்தனை நேரம் பிடித்து வைக்க முடியும்? பீடி சுற்றுகிற மும்முரத்தில் அவரே அதை வழக்கமான அளவுக்குக் குறைத்துவிட்டார். நாய்கள் ஒரு மரநாயைத் துரத்தின. குழந்தை வீட்டுக்கு வந்து அழுதது. யாரோ ஒரு குடிகாரர் மேட்டில் ஏறும்போது தன் மச்சினனைத் திட்டினார். வாரிஜா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். மேற்கே மின்னிக்கொண்டே இருந்தது. லான்ஸி தார்ப்பாயைக் கையில் பிடித்தபடி வானத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ராத்திரிக் கணக்கு முடிந்து, விடிந்து, மீட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டும்போதுதான் முதல் துளி விழுந்தது. வண்டிக்குப் போவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டார்கள்.

முப்பத்தொன்பது.

அறிக்கை மாறியது. க்ரஷர் மேட்டின் பின்பக்கம் போக வேண்டும், மூடிய கொட்டகைக்குள் ஓட வேண்டும், ராத்திரியில் ஓடவே கூடாது. ஹெக்டே தானே அதை எடுத்துக்கொண்டு குவாரிக்காரர்களிடம் போய், கூட்டத்தில் சிரிப்பாய்ச் சிரிப்பதைவிடக் கொட்டகை மலிவு என்று பேசி ஒப்புக்கொள்ளவைத்தார். திரும்பி வந்து, உன்னை இனி அவர்கள் குவாரிப் பக்கம் அனுப்பக் கூடாதாம் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது போலத்தான் இருந்தது. வாரிஜா கையெழுத்துப் போட்டாள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் நல்ல மழைக்காலத்தில் பஞ்சாயத்து மண்டபத்தில் நடந்தது. ஓட்டின் மேல் மழை, வாசலெல்லாம் குடை. உதவி ஆணையர் தலைமை. லாரிக்காரர்கள் சங்கத்திலிருந்து பத்மநாப ரை வந்திருந்தார். ராத்திரியில் க்ரஷர் ஓடாவிட்டால் அவர்கள் லாரிகளுக்குப் பாதி வேலை போய்விடும். அவர் விஷயம் தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

"இந்த முப்பத்தொம்பது பொய் சார்," என்றார். "இந்த ஊர்க்காரங்க நாயைக் கட்டிப் போட்டு, ரேடியோவ நிறுத்தி, மெஷினை ஏமாத்திட்டாங்க. நான் விசாரிச்சிட்டுத்தான் சொல்றேன். இல்லேன்னு யாராவது சொல்லட்டும்."

மண்டபம் வாரிஜாவைத் திரும்பிப் பார்த்தது. பாதி உண்மையாயிற்றே. அந்த அளவை அடித்துவிட்டேன், இது வேறு ராத்திரி என்று அவளே சொன்னால் யார் நம்புவார்கள்? ஊர்க்காரர்களோடு சேர்ந்துகொண்டு செய்துவிட்டாள் என்றுதான் பேசுவார்கள். முதல் அறிக்கையே குப்பைக்குப் போகும், அதோடு அவள் பெயரும். தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அவளுக்கு முன்னால் ஐத்தப்பண்ணா எழுந்துவிட்டார். அந்தக் காலைக்குப் பிறகு அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று மண்டபத்துக்குள் வரும்போதும் பார்க்காத மாதிரிதான் போனார்.

"ரை சொல்றது நெசம்தான் சார்," என்றார். "நாயக் கட்டினது நான். வீடு வீடாப் போய் வாயப் பொத்தச் சொன்னதும் நான். அன்னிக்கு முப்பத்தொண்ணு வந்துச்சு. இந்தம்மா அத அடிச்சுப் போட்டுட்டு, என் முற்றத்துலயே நின்னு என்னத் திட்டினாங்க. நாயை அவுத்துவிட வச்சு, மறுநாள் மறுபடி அளந்தாங்க. அந்தக் கோவத்துல நான் இன்னிக்கு வரைக்கும் இவங்களோட பேசல. எங்களுக்கு வேண்டிய எண்ண எழுதல, உங்களுக்கு வேண்டியதையும் எழுதல. இவங்க முப்பத்தொம்பதுன்னா முப்பத்தொம்பதுதான்."

உதவி ஆணையர் பத்மநாப ரையைப் பார்த்து, இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். ரை உட்கார்ந்துவிட்டார். ஐத்தப்பண்ணாவும் வாரிஜாவைத் திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்தார்.

வாரிஜாவுக்கு மட்டும் உட்காரத் தோன்றவில்லை. தன் கையெழுத்துக்காக வாதாட அவள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதில் ஒரு வரியைக்கூட அவள் படிக்க வேண்டியிருக்கவில்லை.